ஒயில் முந்தட்டும், நெருப்பு பிந்தட்டும்!



"காருக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு? அது ஆண்களின் வேலையல்லவா?" என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய காரின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது அதற்குச் செலவாகும் பணம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் அது மனைவியின் சீட்டுப் பணம். சில வீடுகளில் மகளுக்கென்று ஒதுக்கி வைத்த சேமிப்பு. எங்கள் வீட்டில் அது என் மனைவியின் இரண்டு காப்புகள். அவற்றை விற்றுச் செய்த எஞ்சினை, ஓர் அவசரத்தினால், இரண்டே நிமிடங்களில் நான் கெடுத்துவிட்டேன்.

அந்த இரண்டு நிமிடங்களில் நடந்தது என்ன? அதைத் தவிர்த்துக்கொள்ள என்ன செய்திருக்க வேண்டும்? இவ்விரண்டையும் சொல்லவே இக்கட்டுரை.

கலியாண வீட்டு அவசரம்

வாப்பா எங்களுக்கு விட்டுச் சென்றது ஒரு மொரிஸ் மைனர் 1000. 948 சீசீ எஞ்சின். பல வருடங்கள் உழைத்துக் களைத்த அந்த எஞ்சின், பின்னால் நீலப் புகை கக்கத் தொடங்கியது. ஒரு போத்தல் ஒயில் ஊற்றினால் ஒரு வாரத்தில் காணாமற் போகும். கடைசியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸிடம் ஒப்படைத்தோம். அவர் எஞ்சினை இறக்கிப் பிரித்தார். சிலிண்டர்களை லேத்தில் போர் பண்ணி, புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டார். கிராங்கைக் கடைந்து புதிய பெயாரிங் வைத்தார். மூன்று மாதங்களின் பின் ஒரு நாள் மாலை, எஞ்சினைக் காரில் ஏற்றிப் பூட்டி, எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து விட்டார்.

"நாளைக்கு வந்து ஒயிலெல்லாம் பாத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம் ஹஸரத். அதுவரைக்கும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் கண்டியில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம். மாவனல்லையிலிருந்து நேரத்தோடு புறப்பட வேண்டும். எட்டு மணியாகியும் பாஸைக் காணவில்லை. பிள்ளைகள் உடுத்திக்கொண்டு முற்றத்தில் நிற்கின்றார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒயில் ஊற்றினேன், தண்ணீர் ஊற்றினேன், ஸ்டார்ட்டரை இழுத்தேன். பிடிக்கவில்லை. மீண்டும் இழுத்தேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவி டாஷ்போர்டைக் காட்டி, "இந்தாங்க, அந்தச் சின்ன லைட் இன்னும் நூரல்லியே?" என்று கேட்டார்.

"புது எஞ்சின்தானே, கொஞ்ச நேரத்தில நூரும்" என்றேன்.

நூர்ந்ததுதான். ஆனால் அதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் எடுத்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதி ஏறும்போது எஞ்சினுக்குள்ளிருந்து 'டொக், டொக்' என்றொரு சத்தம். காரை ஓரங்கட்டினோம். வாடகை வேன் ஒன்றைப் பிடித்துக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாடும் முடிந்திருந்தது.

பின்னர் பாஸ் ஒயிலை வடித்துப் பார்த்தார். அதில் ஜரிகைத் தூள் போல் மினுமினுப்பு. பெயாரிங்குகளைக் கழற்றினார். வெள்ளியைப் போலிருக்க வேண்டிய அவற்றின் மேற்பூச்சு தேய்ந்து, உள்ளேயிருந்த செப்பு நிறம் தெரிந்தது. அவர் என்னை ஏசவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "லைட் எவ்வளவு நேரம் பத்திச்சு ஹஸரத்?"

மனைவி கேட்ட அதே கேள்வி! கராஜில் ஒரு நாளும் கால் வைக்காத அவர் கண்டதை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த நான் காணவில்லை.

பழைய கார், பழைய எஞ்சின்

மொரிஸ் மைனரை உங்களில் பலர் அறிவீர்கள். உங்கள் வாப்பா காலத்திலோ அப்பா காலத்திலோ ஏறிச் சென்றிருப்பீர்கள். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற முதலாவது பிரித்தானியக் கார் இதுவேயாகும். 1971ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் இதிலிருந்த 'ஏ சீரிஸ்' எஞ்சின் வகை, மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை தொடர்ந்து வந்தது. எளிய எஞ்சின், திருத்தவும் இலகு. இன்றும் எங்கள் நாட்டுப் பாதைகளில் இவை ஓடுவதற்கு அதுவே காரணம்.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு வரை தனியார் கார்கள் வரவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள், இருக்கிற பழைய வாகனத்தின் எஞ்சினைப் புதுப்பித்துக்கொண்டு காலம் தள்ளின. ஆகவே நான் மொரிஸ் மைனரை வைத்துச் சொன்னாலும், அடிப்படை எல்லாப் பழைய எஞ்சின்களுக்கும் ஒன்றுதான். அளவுகள் மட்டும் அந்தந்த வாகனத்துக்கேற்ப மாறும்.

உள்ளே நடப்பது என்ன?

எஞ்சினுக்குள் கிராங்க் எனும் பாரமான இரும்புத் தண்டு சுழல்கின்றது. அதைத் தாங்குபவை பெயாரிங்குகள். தண்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்று அல்லது இரண்டு கூறு. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிப்பைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் ஒயில் பாய்ந்து ஒரு மெல்லிய படலமாக நிற்கும். இரும்பு இரும்பில் படாமல், ஒயிலின் மேலேயே தண்டு மிதந்து சுழலும்.

ஓடிய எஞ்சினை நிறுத்தினாலும் இந்த இடைவெளிகளில் சிறிது ஒயில் தங்கியிருக்கும். மறுநாள் ஸ்டார்ட் பண்ணும்போது அது காப்பாற்றும். புதிதாய்ப் பூட்டிய எஞ்சினில் அப்படியல்ல. ஒயில் பம்பு வெறுமை. ஒயில் ஓடும் துவாரங்கள் வெறுமை. பில்டர் வெறுமை. பூட்டும்போது பாஸ் தடவிய ஒயிலும் கிரீசும் மட்டுமே உள்ளே இருக்கும். அடியில் எவ்வளவுதான் ஒயில் ஊற்றியிருந்தாலும், பம்பு அதை மேலே இழுத்து அனுப்பும் வரை பெயாரிங்குக்கு அது கிடைக்காது. தையல் மெஷினுக்கு எண்ணெய்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எண்ணெய் விடாமலே தைப்பது போன்றதுதான் இதுவும்.

டாஷ்போர்டில் எரியும் அந்தச் சிறு விளக்கு சொல்வது இதைத்தான்: 'ஒயில் இன்னும் வந்து சேரவில்லை.' நான் அந்தச் செய்தியை வாசிக்கவில்லை.

ஆக, முதல் ஸ்டார்ட்டின் இரகசியம் ஒன்றே ஒன்று. எஞ்சினுக்குள் நெருப்பு பிடிப்பதற்கு முன்னரே ஒயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வெள்ளைத் துணிப் பரிசோதனை

ஆயத்தம் எஞ்சினைப் பூட்டு முன்னரே ஆரம்பமாகிறது. சிலிண்டரைப் போர் பண்ணி, கல் பிடித்து மெருகேற்றும்போது, கண்ணுக்குத் தெரியாத கல் தூளும் இரும்புத் தூளும் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பெற்றோலில் கழுவினால் மட்டும் இவை போகமாட்டா. சுடுநீரும் சவர்க்காரமும் போட்டு, தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒயில் துவாரங்களுக்குள்ளும் மெல்லிய தூரிகையை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பின்னர் காற்றடித்து உலர்த்தி, துருப்பிடிக்காமலிருக்க உடனே ஒயில் தடவ வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழியுண்டு. வெள்ளைத் துணியொன்றில் சிறிது ஒயில் தொட்டுச் சிலிண்டர் சுவரைத் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் இன்னொரு தடவை கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வந்தால் போதும். அரிசி களைந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இன்னும் களைய வேண்டுமா என்று தீர்மானிக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஒயிலை முந்தவைப்பது எப்படி?

இந்த எஞ்சினுக்கு ஏற்றது 20டபிள்யூ-50 தரத்திலுள்ள சாதாரண மினரல் ஒயில். பில்டருக்கும் சேர்த்து ஏறத்தாழ 3.7 லீற்றர் பிடிக்கும். விலை கூடியதென்பதற்காக சிந்தெட்டிக் ஒயில் ஊற்ற வேண்டாம். அது அதிகம் வழுக்குவதால் புதிய ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பொருந்தத் தாமதமாகும் என்பது அனுபவமுள்ள பாஸ்மாரின் கருத்து. இன்னொரு விடயம்: வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுக்கு, ஒயிலில் கலந்துள்ள துத்தநாகச் சேர்க்கை ஒரு கவசம் போன்றது. புதிய கார்களுக்கென வரும் ஒயில்களில் இந்தச் சேர்க்கையைக் குறைத்திருக்கிறார்கள். பழைய எஞ்சினுக்கு அது போதிய அளவு உள்ள ஒயிலைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒயில் ஊற்றிய பின் செய்ய வேண்டியவை இவை.

முதலில், நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். அப்போது எஞ்சின் பாரமில்லாமல் சுழலும். பெயாரிங்குகளிலும் அழுத்தம் குறையும். நெருப்பு பிடிக்காமலிருக்கக் கொயிலின் வயரைக் கழற்றி வைக்க வேண்டும். இந்தக் காரின் பெற்றோல் பம்பு மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் அது பெற்றோலை அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே அதன் வயரையும் கழற்றி விடுவது நல்லது.

அடுத்து ஒயில் பம்பு. 'ஏ சீரிஸ்' எஞ்சினில் இது பின்பக்கம், கேம் தண்டின் நுனியில் இருக்கிறது. காய்ந்த நிலையில் பூட்டினால் சில வேளைகளில் இது ஒயிலை இழுக்கவே மாட்டாது. எங்கள் எஞ்சினிலும் நடந்தது இதுவேதான். எனவே பம்பைப் பூட்டும்போதே அதற்குள் ஒயில் நிரப்ப வேண்டும். பூட்டி நாளாகிவிட்டால், பில்டருக்குச் செல்லும் குழாயின் இணைப்பைக் கழற்றி, ஒயில் கேனினால் பம்பின் பக்கமாக ஒயில் ஊற்றி, மீண்டும் இறுக்க வேண்டும்.

பின்னர் முன்னால் ஹேண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். எங்காவது இறுகுகிறதா, உரசுகிறதா என்று கை சொல்லிவிடும். அதன் பின்னரே ஸ்டார்ட்டரை இழுத்து, பத்துப் பத்து வினாடிகளாக, இடையிடையே ஆறவிட்டுச் சுழற்ற வேண்டும். சிறிது நேரத்தில் விளக்கு நூரும். அத்துடன் திருப்திப்படக் கூடாது. மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அந்த விளக்கு நூர்ந்துவிடும். வால்வு மூடியைக் கழற்றிப் பார்த்தால் மேலேயுள்ள ரொக்கர் கைகளில் ஒயில் கசிந்து வரவேண்டும். அது வந்தால்தான் கீழிருந்து உச்சி வரை ஒயில் போயிருக்கிறதென்று மனம் ஆறலாம். ஒயில் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரொன்றைத் தற்காலிகமாகவேனும் பூட்டுவது இன்னும் சிறந்தது.

இத்தனைக்கும் எடுக்கும் நேரம் ஒரு மணித்தியாலம். இந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் இரண்டு காப்புகளை இழந்தேன்.

தண்ணீர், பெற்றோல், நெருப்பு

புதிய எஞ்சின் வழமையைவிட அதிகம் சூடாகும். ரேடியேட்டரைக் கழுவி, பழைய ஹோஸ்களை மாற்றி, ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். தண்ணீர் ஏறத்தாழ ஐந்தரை லீற்றர் பிடிக்கும். மெதுவாக ஊற்றி, இடையில் சிக்கும் காற்று வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். துருத் தடுக்கும் கூலன்டும் சேர்ப்பது நல்லது.

மாதக் கணக்கில் நின்ற காரின் டாங்கியிலுள்ள பெற்றோல் கெட்டுப்போயிருக்கும். அதை வடித்துப் புதிய பெற்றோல் ஊற்றுங்கள். பெற்றோல் பம்பின் வயரை மீண்டும் இணைத்துச் சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காபரேட்டர் நிரம்பியதும் அது நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்து அடித்தால், டாங்கியில் பெற்றோல் இல்லை அல்லது எங்கோ கசிகிறது என்று பொருள். உடனே சாவியை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும்.

பற்றரி விடயத்திலும் கவனம் தேவை. இந்தப் பழைய கார்களில் பொசிடிவ் முனையே உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் சிலர் அதை மாற்றியும் இருப்பார்கள். எதுவென்று தெளிவாகத் தெரிந்துகொண்ட பின்னரே இணைக்க வேண்டும்.

பிறகு பிளக்குகள். இடைவெளி 0.025 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டரின் பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலமளவு. நெருப்பு செல்லும் வரிசை 1, 3, 4, 2. இவை சரியாக அமைந்தால் எஞ்சின் முதல் சுழற்சியிலேயே பிடித்துவிடும். இதிலென்ன அவசியம் என்று கேட்கின்றீர்களா? பிடிக்காத எஞ்சினை ஆறு ஏழு தடவை இழுக்கும்போது, எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும். கேம் தண்டில் தடவிய கிரீசும் உரசி அகன்றுவிடும். நான் செய்த இரண்டாவது தவறு அதுதான்.

இடமும் உடையும்

இது குறிப்பாகப் பெண்களும் பிள்ளைகளும் உள்ள வீடுகளுக்கு. கார் திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் வெளிவரும் காபன் மொனொக்சைட் வாயு உயிரைப் பறிக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். ஹேண்டிலை இழுத்து வெளியே எடுத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். தீயணைக்கும் கருவி அல்லது ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும். பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நெருப்பைப் பரப்பும்.

பொனட்டைத் திறந்து எட்டிப் பார்க்கும்போது சாரி முந்தானை, ஷோல், ஸ்கார்ப் நுனி எதுவும் தொங்கக் கூடாது. சுழலும் ஃபேனும் பெல்ட்டும் ஒரு நொடியில் இழுத்துவிடும். பிள்ளைகளை வாசற்படிக்கு அப்பால் நிறுத்துங்கள். கை தட்ட வேண்டுமென்றால் அங்கிருந்தே தட்டட்டும்.

முதல் இருபது நிமிடங்கள்

எல்லாம் ஆயத்தமா? இனி ஸ்டார்ட் பண்ணலாம். இதற்கு ஒருவர் போதாது. ஒருவர் உள்ளே அமர்ந்து விளக்கையும் மீட்டரையும் மட்டும் பார்த்திருக்க வேண்டும். மற்றவர் வெளியே நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். உள்ளே அமர்பவர் 'நிறுத்து' என்றால் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பிடித்து ஐந்து வினாடிகள், மிஞ்சினால் பத்து வினாடிகளுக்குள் விளக்கு நூர வேண்டும். நூராவிட்டால் உடனே நிறுத்துங்கள். 'கொஞ்ச நேரத்தில் நூரும்' என்ற என் வார்த்தையை உங்கள் வீட்டில் எவரும் சொல்ல இடமளிக்காதீர்கள். மீட்டர் இருந்தால், ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60 றாத்தலளவு அழுத்தம் காட்டும்.

எஞ்சின் பிடித்ததும் அதை மெதுவாக ஓடவிட வேண்டுமென்றே பலர் எண்ணுவார்கள். அது பிழை. கேம் தண்டுக்கு ஒயில் பெரும்பாலும் கிராங்க் விசிறியடிக்கும் தெறிப்பிலிருந்தே கிடைக்கின்றது. மெதுவாக ஓடினால் தெறிப்புப் போதாது. ஆகவே முதல் இருபது நிமிடங்களும் நிமிடத்துக்கு 2,000 சுற்றளவு வேகத்தில், சற்றுக் கூட்டியும் குறைத்தும் ஓடவிட வேண்டும். இந்தக் காரில் அதைக் காட்டும் மீட்டர் இல்லை. நான்காவது கியரில் மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும்போது எஞ்சின் எழுப்பும் சத்தமே ஏறத்தாழ அந்த அளவு.

அந்த நேரத்தில் சிறிது புகை வரும். பூட்டும்போது தடவிய ஒயிலும் புதிய பெயின்டும் எரிவதால் வருவது அது. பயப்படத் தேவையில்லை. ஆனால் கீழே ஒயிலோ தண்ணீரோ ஒழுகினால், தண்ணீர் கொதித்தால், உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும். குறையைத் திருத்திய பின் மீதி நிமிடங்களை ஓட்டி முடிக்கலாம்.

இருபது நிமிடம் முடிந்ததும் நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். 'இப்போதுதானே ஊற்றினோம், வீணல்லவா?' என்று தோன்றும். அந்த ஒயிலில்தான் புதிய பாகங்கள் உரசிக் கழிந்த தூள் முழுவதும் இருக்கிறது. அதை உள்ளேயே விடுவதுதான் உண்மையான வீண் விரயம். எஞ்சின் குளிர்ந்த பின், கேஸ்கட்டைச் செய்தவர்கள் வேறாகச் சொல்லியிருந்தாலன்றி, ஹெட் நட்டுகளை 40 றாத்தல்-அடி அளவுக்கு மீண்டும் இறுக்கிப் பார்த்து, வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்தில் வைக்க வேண்டும்.

ஆப்பச்சட்டியைப் பழக்குவது போல

புதிய ஆப்பச்சட்டி வாங்கினால் அன்றைக்கே ஆப்பம் சுடுவீர்களா? எண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் வைத்து, சில நாட்கள் பழக்கிய பின்னல்லவா மாவு ஊற்றுவீர்கள்? பழக்காத சட்டியில் ஆப்பம் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினும் அப்படித்தான். முதல் 500 மைல்கள் (800 கிலோமீற்றர்) அதன் பழக்கும் காலம். அந்தக் காலத்தில் மணிக்கு 45 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. அதிக பாரம் ஏற்றக் கூடாது. பெரிய கியரில் திணறவிடக் கூடாது. ஏற்றம் வந்தால் நேரத்தோடு கியரைக் குறைக்க வேண்டும். அதேவேளை, ஓரே வேகத்தில் ஆமை போலவும் ஓட்டக் கூடாது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால்தான் ரிங்குகள் சுவரோடு நன்றாகப் பொருந்தும். 500 மைல் முடிந்ததும் மீண்டுமொரு தடவை ஒயில் மாற்ற வேண்டும்.

முதல் நாளிலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏறிய என் மடமையை இப்போது நீங்கள் அளந்துகொள்ளலாம்.

சகோதரிகளே, நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

கராஜுக்குப் போய் ஸ்பனர் பிடிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வீட்டுப் பணம் செலவாகின்றது. அது ஓர் அமானிதம். அதனால் கணவரிடமோ மகனிடமோ நானாவிடமோ பாஸிடமோ பின்வரும் கேள்விகளைக் கேட்க உங்களுக்கு முழு உரிமையுண்டு.

1. போர் பண்ணிய பின் சிலிண்டரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினீர்களா? துணியால் துடைத்துப் பார்த்தீர்களா?

2. ஒயில் பம்பை நிரப்பிப் பூட்டினீர்களா?

3. பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுழற்றி, மேலே ஒயில் வந்ததைக் கண்ணால் கண்டீர்களா?

4. டாங்கியிலிருப்பது புதிய பெற்றோலா?

5. முதல் ஸ்டார்ட்டின்போது விளக்கைப் பார்த்திருக்கப் போவது யார்?

6. இருபது நிமிடம் ஓடவிட நேரமிருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இன்று ஸ்டார்ட் பண்ண வேண்டும்?

7. அடுத்த ஒயில் மாற்றம் எத்தனையாவது மைலில்? எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?

நல்ல பாஸ் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார். மாறாக, தன் வேலையின் அருமை தெரிந்தவர்களென்று மகிழ்வார்.

இரண்டாவது தடவை

எங்கள் எஞ்சினை மறுபடியும் பிரித்து, கிராங்கை மீண்டும் கடைந்து, பெயாரிங்கும் கேம் தண்டும் மாற்ற ஒரு வருடம் சென்றது. பணம் சேர அவ்வளவு காலம் எடுத்தது. இந்தத் தடவை நாளை நாங்கள் குறிக்கவில்லை. "பாஸ் வரும் நாள்தான் நாள்" என்று மனைவி சொல்லிவிட்டார். கலியாணமில்லை, பயணமில்லை, வேறு வேலையுமில்லை.

பாஸும் நானும் பொனட் பக்கம் நின்றோம். மனைவி உள்ளே அமர்ந்தார். மடியில் பிள்ளையின் பாடசாலைக் கொப்பி, கையில் மணிக்கூடு. பிஸ்மில்லாஹ் சொல்லி அவரே ஸ்டார்ட்டரை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்தது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தோம்.

"மூணு செக்கன்ல நூந்துட்டு" என்றார்.

அந்தக் கொப்பியில் அவர் எழுதிய முதல் வரியும் அதுதான். அதன் பின் ஒவ்வொரு ஒயில் மாற்றமும், ஒவ்வொரு தண்ணீர் ஊற்றலும் அதே கொப்பியில் அவருடைய கையெழுத்திலேயே பதிவாகி வருகின்றன. அந்த எஞ்சின் இன்றும் ஓடுகிறது. கடுகண்ணாவையையும் எத்தனையோ தடவை ஏறி இறங்கிவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஓர் எஞ்சின் புதுப்பிக்கப்பட்டு முற்றத்துக்கு வருமானால், அன்று வீட்டிலுள்ள ஆண்கள் அவசரப்படுவார்கள். அது எங்கள் குணம். சாவி அவர்களிடம் இருக்கட்டும். அந்தச் சின்ன விளக்கில் உங்கள் கண் இருக்கட்டும்.